ஆட்டத்துக்காக ஆளா, ஆளுக்காக ஆட்டமா?



பிறரைத் தன் பொறுப்பில் வைத்து வேலை வாங்கும் கடமை நம்மில் பலருக்கு உண்டு. தகப்பனுக்குப் பிள்ளைகள், ஆசிரியருக்கு மாணாக்கர், மேஸ்திரிக்குக் கூலியாட்கள், குருவானவருக்குப் பங்கு மக்கள். இவர்களை அன்பாய் நடத்த வேண்டும் என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். "ஆம் சுவாமி, அன்பாய் நடத்தினால்தான் வேலையும் நன்றாய் நடக்கும்" என்று காரணமும் கூறுவார்கள். அந்தக் காரணத்தைத்தான் இந்த வாரம் சற்றே உரைத்துப் பார்க்க விரும்புகிறேன். வேலை நன்றாய் நடக்க வேண்டும் என்பதற்காக ஒருவனிடம் அன்பு காட்டினால் அது அன்பா, உபாயமா? அன்பு காட்டியும் வேலை கெட்டுப்போனால் அப்புறம் அந்த அன்பின் கதி என்ன?

இதை ஆராய ஜெர்மன் தேசத்துக் கால்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பந்துக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பந்தயத்தில் ஓடுகிறவர்களைக் கிறிஸ்தவ வாழ்வுக்கு உவமையாக எடுத்தாண்டவர் அர்ச். சின்னப்பர். பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1945 மே மாதத்தில், ஐரோப்பாவில் யுத்தம் ஓய்ந்த சில நாட்களுக்குள்ளாகவே, இத்தாலிய விளையாட்டு வீரர்களுக்கு விளையாட்டைப் பற்றி ஒரு நீண்ட உரை நிகழ்த்தினார். 2-ம் அருள் சின்னப்பரோ, போலந்தில் தம் சொந்த ஊராகிய வாதோவிச்சில் சிறுவனாய் இருந்தபோது கோல் கீப்பராக நின்றவர். ஆகவே துணிந்து எழுதுகிறேன். வீட்டிலுள்ள வாலிபர்கள் இந்த வாரமாவது முதல் பக்கத்திலிருந்து படிப்பார்கள் என்ற ஆசையும் உண்டு.

நிற்க. ஜெர்மனியில் கால்பந்துப் பயிற்சியாளருக்கு அளிக்கப்படும் மிக உயர்ந்த சான்றுக்கு நெடுங்காலம் ஒரு பெயர் இருந்தது. அதைத் தமிழில் சொன்னால் "கால்பந்து ஆசிரியர்" என்று வரும். அதிகாரி என்றோ மேலாளர் என்றோ அல்ல, ஆசிரியர் என்றே பெயரிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எழுத்தறிவிக்கிறவருக்கு அவர்கள் மொழியில் எந்தச் சொல்லோ, அதே சொல்தான். ஒரு தொழிலுக்கு வைக்கும் பெயர் அந்தத் தொழிலைப் பற்றிய நம் எண்ணத்தைக் காட்டிக்கொடுக்கும். இரும்பை வளைக்கிறவனுக்கு ஒரு பெயர், பிள்ளையை வளர்க்கிறவனுக்கு வேறு பெயர்.

இந்த ஆசிரியர் வகுப்பு யுத்தத்துக்குப்பின் 1947-ல் கொலோன் நகரத்தில் தொடங்கிற்று. மூன்று அரசர்களின் திருப்பண்டங்கள் வைக்கப்பட்டுள்ள பேராலயம் அங்கேதான் இருக்கிறது. குண்டு வீச்சில் நகரம் இடிந்து தரைமட்டமாகிக் கிடக்க, பேராலயம் மட்டும் காயங்களோடு நின்றுகொண்டிருந்த காலம் அது. உண்ண ரொட்டிக்கே பஞ்சம். அப்படிப்பட்ட நாளில் செப் ஹெர்பெர்கர் என்பவர் ஒரு கூட்டம் வாலிபரைச் சேர்த்து, பந்தாட்டம் கற்பிப்பது எப்படி என்று கற்பிக்கலானார். அவரிடம் படித்தவர்களில் ஒருவரான ஹெனஸ் வைஸ்வைலர் பின்னாளில் அந்த வகுப்புக்கே தலைவராகிப் பல ஆண்டுகள் நடத்தினார். பிற்காலத்தில் அந்தக் கல்விக்கூடத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

ஹெர்பெர்கரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1954-ம் ஆண்டு ஸ்விட்சர்லாந்தில் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. ஹங்கேரி அணிக்கு நிகர் உலகத்தில் இல்லை என்ற காலம். நாலாண்டுகளாக அவர்களைத் தோற்கடித்தவர் எவருமில்லை. முதல் சுற்றில் ஜெர்மனி அவர்களிடம் 3-க்கு 8 என்று தோற்றது. ஹெர்பெர்கர் அன்று வேண்டுமென்றே தம் முக்கியமான ஆட்டக்காரர் பலரை இறக்காமல் ஓய்வில் வைத்திருந்தார். ஊரிலிருந்து வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் அசையவில்லை.

அணியின் தலைவர் ஃபிரிட்ஸ் வால்டர். வயது முப்பத்து மூன்று. யுத்தத்துக்குப் போய், மலேரியாக் காய்ச்சலால் அவதிப்பட்டு, சோவியத் படையிடம் கைதியாகி மீண்டவர். ஆட்டத்தில் மேதை. ஆனால் தொட்டால் சிணுங்கி. சிறு தவறுக்கும் மனமுடைந்து இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பார். வெயிலடித்தால் வாடுவார், மழை பெய்தால் தழைப்பார். ஹெல்முட் ரான் என்பவர் இவருக்கு நேர்மாறானவர். எஸ்ஸன் நகரத்துத் தொழிலாளர் வட்டாரத்திலிருந்து வந்தவர். வாய் ஓயாத வேடிக்கைக்காரர், கவலை என்பதே அறியாதவர். தூன் ஏரிக்கரையில் ஸ்பீட்ஸ் என்ற ஊரில் அணி தங்கியிருந்தபோது ஹெர்பெர்கர் இவ்விருவரையும் ஒரே அறையில் போட்டார். ஒருவர் யோசிக்கத் தொடங்கினால் மற்றவர் சிரிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. பெர்ன் நகரில் இறுதி ஆட்டத்தன்று மழை பெய்தது. எட்டு நிமிஷத்துக்குள் ஹங்கேரி இரண்டு கோல் போட்டுவிட்டது. ஆனால் முடிவில் 3-க்கு 2 என்று ஜெர்மனி வென்றது. முடிய ஆறு நிமிஷம் இருக்கையில் கடைசிக் கோலைப் போட்டவர் அந்த வேடிக்கைக்காரர் ரான்தான்.

இங்கே நம் கேள்வி தலை தூக்குகிறது. வால்டருடைய நொந்த மனதை அறிந்து, அவருக்கு ஏற்ற அறைத் தோழனைத் தேடிக்கொடுத்தாரே ஹெர்பெர்கர், அது வால்டரின்மேல் கொண்ட பரிவா, கோப்பையின்மேல் கொண்ட கண்ணா?

அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். ஹெர்பெர்கரையும் நான் அர்ச்சியசிஷ்டராக்கவில்லை. 1933-ல் அவர் நாஜிக் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தவர் என்பது மறைக்க முடியாத உண்மை. தன் கண்முன் நிற்கும் பதினொரு பேரின் மனத்தை வரிவரியாய் வாசிக்கத் தெரிந்த ஒருவர், தெருவில் இழுத்துச் செல்லப்பட்ட அயலானைப் பார்க்காமல் இருக்கக் கூடும் என்பது மனித இருதயத்தைப் பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டிய கசப்பான பாடம். நமக்கு உபயோகமானவர்களிடம் நாம் காட்டும் நுட்பமான கரிசனை, உபயோகமில்லாதவர்களிடம் வருகையில் ஏன் மழுங்கிவிடுகிறது?

இனி நம் காலத்துக்கு வருவோம். 2000-ம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் ஜெர்மனி மூன்று ஆட்டங்களில் ஒரேயொரு புள்ளி பெற்று, தன் பிரிவில் கடைசியாகி வீடு திரும்பிற்று. போர்த்துக்கல் மூன்று கோல் போட்டது, இவர்கள் ஒன்றும் போடவில்லை. அந்த அவமானத்திலிருந்து ஒரு பெரிய சீர்திருத்தம் பிறந்தது. மேல்நிலைக் கழகங்கள் ஒவ்வொன்றும் சிறுவர்களுக்கான பயிற்சிக்கூடம் நடத்தியே ஆக வேண்டும் என்று விதித்தார்கள். நாடெங்கும் முந்நூறுக்கு மேற்பட்ட இடங்களில் பயிற்சி நிலையம் வைத்து, சிற்றூர்ப் பையன்களுக்கும் கற்பிக்க ஆளனுப்பினார்கள். கற்பிக்கிறவர்களுக்குக் கற்பிப்பதில்தான் அதிகச் சிரத்தை காட்டினார்கள். 2013-ல் வெளியான ஒரு கணக்குப்படி உயர்ந்த சான்று பெற்றவர்கள் ஜெர்மனியில் ஆயிரத்துக்கு மேல் இருந்தார்கள். பந்தாட்டத்தின் தாயகம் என்று சொல்லிக்கொள்ளும் இங்கிலாந்தில் அந்தத் தொகை இருநூறைக்கூட எட்டவில்லை.

கல்விக்கூடம் 2011-ல் ஹென்னஃப் என்ற சிற்றூருக்கு மாறியது. பின்னர் 2022-ல் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வந்தது. ஹென்னஃப் நாட்களில் ஆண்டொன்றுக்கு இருபத்தைந்து பேருக்குள்ளாகவே சேர்த்துக்கொண்டார்கள். ஏறத்தாழ பத்து மாதப் படிப்பு. ஆட்டத் தந்திரமும் உடற்பயிற்சி நூலும் மருத்துவமும் உண்டென்றாலும், கல்வி முறையும் உளநூலும் பேச்சுக் கலையும் அவற்றுக்குச் சமமாக வைக்கப்பட்டன. ஒருவனைக் கண்டிப்பது எப்படி, தோற்றவனிடம் பேசுவது எப்படி, ஆட்டத்தில் இடம் கிடைக்காத பன்னிரண்டாம் ஆளின் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பது எப்படி என்பதும் படிப்புத்தான். இந்தப் பட்டம் ஒன்றே மனுஷனை உருவாக்கிவிடும் என்று எண்ணாதீர்கள். 1990-ல் ஜெர்மனிக்கு உலகக் கோப்பை பெற்றுத் தந்த ஃபிரான்ஸ் பெக்கன்பௌவருக்கு அந்தச் சான்றே கிடையாது. அதனால் "பயிற்சியாளர்" என்ற பெயரை விட்டு "அணித்தலைமை" என்ற வேறு பெயர் கொடுத்துச் சமாளித்தார்கள்! இருந்தாலும் விதிவிலக்கைக் காட்டி விதியைத் தள்ளிவிட முடியாது.

யூலியன் நாகெல்ஸ்மன் என்பவர் இருபது வயதிலேயே காயத்தால் ஆட்டத்தைக் கைவிட்டவர். 2016-ல், இருபத்தெட்டாம் வயதில், ஹோஃபன்ஹைம் கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். அப்போது அவர் இன்னும் இந்த ஆசிரியர் வகுப்பில் மாணவர்தான். அவருடைய ஆட்டக்காரரில் சிலர் அவரைவிட மூத்தவர்கள். இவர் சொன்ன கணக்கு ஒன்று புகழ்பெற்றது. பயிற்சியாளர் வேலையில் தந்திரம் நூற்றுக்கு முப்பது பங்கு, மனிதரோடு பழகத் தெரிவது எழுபது பங்கு என்றார். யூர்கன் கிளாப் 2015-ல் இங்கிலாந்தில் லிவர்பூல் கழகத்துக்குச் சென்றபோது, அங்கே சமையல் செய்கிறவர்கள், துணி துவைக்கிறவர்கள் உட்பட ஊழியர் அனைவரையும் பெயர் சொல்லி ஆட்டக்காரருக்கு அறிமுகப்படுத்தினார் என்று சொல்லப்படுகிறது. இத்தகைய ஜெர்மன் ஆசிரியர்களின் காலம் 2019 முதல் 2021 வரை உச்சத்தில் இருந்தது. ஐரோப்பியக் கழகங்களின் தலைமைக் கோப்பையை அம்மூன்று ஆண்டுகளிலும் வென்றவை மூன்று வெவ்வேறு கழகங்கள். பயிற்றுவித்தவர்கள் கிளாப், ஹான்சி ஃபிளிக், தாமஸ் டூகெல் என்ற மூன்று ஜெர்மானியர்.

பார்த்தீர்களா, மனிதனை மனிதனாய் நடத்தினால் கோப்பை வருகிறது! பிரசங்கத்துக்கு நல்ல முடிவு. ஆனால் இங்கேதான் நான் உங்களை நிறுத்த வேண்டியிருக்கிறது.

குரு மடத்தில் நாங்கள் படித்த அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் நன்மையைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஒன்று பயன் கருதி விரும்பப்படும் நன்மை, கசப்பு மருந்து போல. மருந்தின்மேல் யாருக்கும் பிரியமில்லை, சுகத்தின்மேல்தான் பிரியம். மற்றொன்று தன்னிமித்தமே விரும்பப்படும் நன்மை. இன்பத்துக்காக விரும்பப்படுவது என்று மூன்றாவதும் உண்டு, அது இப்போது நமக்கு வேண்டாம். கேள்வி இதுதான்: என் பொறுப்பில் இருக்கும் மனிதன் எனக்கு மருந்தா, சுகமா? உழவன் விடியற்காலையில் எழுந்து மாட்டைக் குளிப்பாட்டித் தவிடும் புண்ணாக்கும் வைக்கிறான். தடவிக் கொடுக்கிறான், பெயர் வைத்துக் கூப்பிடுகிறான். மாடு நொண்டியானால் சந்தையில் விற்றுவிடுகிறான். அவன்மேல் குற்றமில்லை, மாடு மாடுதான். ஆனால் மனிதனையும் அப்படித் தடவிக் கொடுக்கலாம். பெயர் சொல்லி அழைத்து, மனத்தை அறிந்து, ஏற்ற அறைத் தோழனைக் கொடுத்து, எல்லாம் ஏருக்காகவே செய்யலாம். கொடுமைக்காரனாவது தான் கொடுமைக்காரன் என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறான். அன்பை ஆயுதமாக்குகிறவனை அடையாளம் காண்பது கடினம். சில வேளை அவனுக்கே அது தெரிவதில்லை.

மனிதனை ஒருபோதும் வெறும் சாதனமாக மட்டும் நடத்தலாகாது என்று ஜெர்மன் தத்துவ ஞானி கான்ட் 1785-ல் எழுதினார். அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர், அவர் கூறிய எல்லாவற்றையும் நாம் ஏற்பதுமில்லை. ஆயினும் இந்த ஒரு வாக்கைப் பின்னாளில் பாப்பரசரான கரோல் வோய்த்திவா, அதாவது நம் 2-ம் அருள் சின்னப்பர், 1960-ல் வெளியிட்ட ஒரு நூலில் எடுத்து ஒரு படி மேலே கொண்டுபோனார். சாதனமாக்காமல் இருப்பது மட்டும் போதாது, ஆளுக்கு உரிய மறுமொழி அன்பு ஒன்றே என்றார். கடை மண்டபத்தில் வேலையின்றி நின்றவனையும் கூப்பிட்டு முழுக்கூலி கொடுத்த எஜமானின் உவமை இங்கே நினைவுக்கு வருகிறது. அந்தக் கடைசி ஆளால் திராட்சைத் தோட்டத்துக்கு ஆன பயன் மிகச் சொற்பம்.

ஆகவே பயிற்சியாளரின் அன்பைச் சோதிக்க வேண்டிய இடம் வெற்றி மேடை அல்ல. அந்த ஆள் இனி உதவமாட்டான் என்றான பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஜெர்மன் பயிற்சிக்கூடங்களில் பத்துப் பன்னிரண்டு வயதில் சேரும் பையன்களில் மிகப் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதில்லை. இது அந்த முறையின் குறையல்ல, எண்ணிக்கையின் நியதி. பதினாறு, பதினேழு வயதில் ஒரு நாள் அவனைக் கூப்பிட்டு, "தம்பி, அடுத்த ஆண்டு உனக்கு இங்கே இடமில்லை" என்று சொல்ல வேண்டும். அவன் வாழ்க்கையில் அதுவரை இருந்ததெல்லாம் பந்துதான். அந்த வார்த்தையைச் சொல்லுகிற ஆள் ஆசிரியரா, சரக்கைக் கழிக்கும் வியாபாரியா என்பது அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். தெற்கே ஃபிரைபுர்க் நகரத்துக் கழகம் 2001-ல் திறந்த பயிற்சிக்கூடம் இந்த விஷயத்தில் பெயர் பெற்றது. பள்ளிப் படிப்பைப் பையன் கைவிடக் கூடாது என்பதில் அவர்கள் கண்டிப்பானவர்கள். ஆட்டக்காரனாக முடியாமற்போனாலும் அவன் மனிதனாக வெளியே போக வேண்டும் அல்லவா?

அந்தக் கூடத்தில் நெடுங்காலம் சிறுவர்களைப் பயிற்றுவித்தவர் கிறிஸ்தியான் ஸ்திரைஹ். இறைச்சிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. சர்வகலாசாலையில் ஜெர்மன் இலக்கியமும் சரித்திரமும் படித்தவர். மைதானத்துக்குச் சைக்கிளில் போகிற மனிதர். 2011 டிசம்பர் கடைசியில், கழகம் பட்டியலில் அடிமட்டத்தில் கிடந்தபோது, தலைமைப் பொறுப்பு அவர் கையில் வந்தது. கரையேற்றினார். ஆனால் 2015-ல் கடைசி நாள் ஆட்டத்தில் தோற்று, அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டது. இப்படி நேர்ந்தால் பயிற்சியாளரைத் துரத்துவதுதான் பந்தாட்ட உலகின் வழக்கம். ஃபிரைபுர்க்கார் அவரைத் துரத்தவில்லை. அவரும் விட்டுப் போகவில்லை. மறு ஆண்டே ஏறி வந்தார்கள். ஏறி வராதிருந்தாலும் அவர்கள் செய்தது நல்ல காரியமே என்பதைக் கவனியுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்து 2024-ல்தான் ஓய்வு பெற்றார். பயிற்சியாளனும் ஒரு மனிதன், அவனையும் கருவியாக்கலாகாது என்பதை மேலிருந்தவர்கள் உணர்ந்திருந்தால்தான் அவன் கீழிருப்பவர்களை மனிதராய் நடத்த முடியும். முதலாளியிடம் உதை வாங்கி வந்த தகப்பன் வீட்டில் பிள்ளையை அடிக்கும் கதையை நாம் பார்த்ததில்லையா?

இனிச் சொல்லப்போவது துக்கமான விஷயம். சிறுபிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் தாய்மார் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். ஹானோவர் கழகத்தின் கோல் கீப்பர் ராபர்ட் என்கே, முப்பத்திரண்டு வயது, ஜெர்மன் தேசிய அணிக்கும் ஆடியவர். 2006-ல் அவருடைய குழந்தை இருதய நோயால் இறந்தது. அவருக்கோ மனச்சோர்வு என்னும் நோய் நெடுநாளாக இருந்தது. வெளியே தெரிந்தால் ஆட்டம் போகும், தத்தெடுத்த குழந்தையையும் பிரித்துவிடுவார்கள் என்று அஞ்சி மறைத்தே வைத்திருந்தார். 2009 நவம்பர் 10-ல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். மறுநாளே அவருடைய மனைவி பத்திரிகையாளர் முன் அமர்ந்து, கணவரின் நோயை ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார். அந்தத் தைரியத்தை நினைத்தால் இப்போதும் மனம் தழுதழுக்கிறது. மைதானத்தின் நடு வட்டத்தில் பிரேதப் பெட்டியை வைத்து அஞ்சலி செய்தபோது பல்லாயிரம் ஜனங்கள் கூடியிருந்தார்கள். கால்பந்தே எல்லாம் ஆகிவிடக் கூடாது என்று கால்பந்துச் சங்கத்தின் தலைவரே அங்கு பேசினார். அடுத்த ஆண்டு அவர் பெயரால் ஓர் அறநிலையம் நிறுவப்பட்டு, மனச்சோர்வு நோயாளிகளுக்கும் இருதய நோயுள்ள குழந்தைகளுக்கும் உதவி வருகிறது.

நம்மில் முதியோர் சிலர் இப்படி இறந்தவர்களைப் பற்றிக் கடுமையாகப் பேசுவதுண்டு. திருச்சபையின் போதனை அதுவல்ல. கடுமையான மன நோயும் அச்சமும் ஒருவனுடைய பொறுப்பைக் குறைக்கக் கூடும் என்றும், சர்வேசுரன் தாம் மட்டும் அறிந்த வழிகளில் அவர்களுக்கு மனஸ்தாபப்பட இடம் அளிக்கக் கூடும் என்றும், அவர்களுக்காக நாம் வேண்டிக்கொள்ள வேண்டும் என்றும் 1992-ல் வெளிவந்த திருச்சபையின் ஞானோபதேசம் தெளிவாய்ச் சொல்கிறது. உங்கள் வீட்டில் யாராவது தூக்கமின்றி, பேச்சின்றி, எதிலும் பிடிப்பின்றி நாட்கணக்கில் இருந்தால் அதைச் சோம்பல் என்று ஏசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். என்னிடமும் வாருங்கள், எந்த நேரமானாலும் கதவைத் தட்டலாம்.

என்கே விஷயத்தில் என்னை உறுத்துவது ஒன்று. அவரைச் சுற்றியிருந்தவர்களில் யாரும் கெட்டவரல்லர். ஆனால் நோய் வெளிப்பட்டால் தமக்கு இடமிருக்காது என்று ஒரு மனிதன் நம்பும்படி அந்த உலகம் இருந்தது. "எவ்வளவு பலவீனமானாலும் நீ இங்கே உண்டு" என்ற நிச்சயம் இல்லாத இடத்தில் எத்தனை உளநூல் வகுப்பு நடத்தினாலும் ஆள் தன் காயத்தைக் காட்டமாட்டான். நம் வீடுகளில் பரீட்சை முடிவு வரும் நாளில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் இதே அச்சத்தைக் காணலாம். பிள்ளைக்குப் பால் ஆற்றிக் கொடுத்து, விசிறி, கண்விழித்துக் காவலிருந்த தாயே, மதிப்பெண் குறைந்த அன்று அவனுக்குச் சோறு போடுகையில் தட்டை எப்படி வைக்கிறாள்?

அப்படியானால் கண்டிப்பே கூடாதா என்று கேட்பீர்கள். கூடும், வேண்டும். பதினொரு பேருக்குத்தான் இடம். இருபத்தைந்து பேரில் பதினாலு பேரை ஒவ்வொரு வாரமும் வெளியே வைத்தே ஆக வேண்டும். எல்லாருக்கும் இனிக்கப் பேசி, யாருக்கும் உண்மை சொல்லாமல் மழுப்புகிறவன் அன்புள்ளவன் அல்லன், கோழை. முனிச் நகர மேற்றிராணியாராக இருந்த காலத்தில், 1978-ல், பின்னாளில் 16-ம் ஆசீர்வாதப்பர் ஆன ராட்சிங்கர் ஆண்டகை உலகக் கோப்பையை முன்னிட்டு பவேரிய வானொலியில் பேசினார். ஆட்டம் மனிதனைத் தன்னைத்தான் அடக்கியாளவும், தன் திறமையைக் கூட்டத்தின் நன்மைக்கு இசைவிக்கவும் பழக்குகிறது, விதிக்கு உட்படுவதிலேயே சுயாதீனம் உண்டென்று கற்பிக்கிறது என்பது அவர் கருத்து. வியாபாரப் புத்தி புகுந்தால் அந்த விளையாட்டே பாழாகும் என்றும் எச்சரித்தார். ஆக, விதியும் தண்டனையும் ஆளைத் தாழ்த்துவதில்லை. உன்னால் இதைவிட நன்றாய்ச் செய்ய முடியும் என்று ஒருவனிடம் கறாராய்ச் சொல்வதே அவனுக்குச் செய்யும் மரியாதைதான். வெளியே உட்கார வைக்கும்போது காரணத்தை முகத்துக்கு முகம் சொல்கிறோமா, அல்லது சுவரில் பட்டியலை ஒட்டிவிட்டுப் பின்வாசல் வழியாய்ப் போய்விடுகிறோமா என்பதில்தான் வித்தியாசம்.

எதிராளியிடமும் இது பொருந்தும். 2014-ல் பிரேசில் நாட்டில், பிரேசிலுக்கு எதிராகவே, ஜெர்மனி அரை மணிக்குள் ஐந்து கோல் போட்டுவிட்டது. இடைவேளையில், இனிமேல் ஒழுங்காக ஆடுவோம், ஆனால் அவர்களைக் கேலிக்குள்ளாக்கும் ஆட்டம் ஆடமாட்டோம் என்று தங்களுக்குள் தீர்மானித்ததாக ஆட்டக்காரர் ஹும்மல்ஸ் பின்னர் கூறினார். 7-க்கு 1 என்று முடிந்தது. அழுதுகொண்டிருந்த எதிராளிகளை இவர்கள் தூக்கி நிறுத்தித் தேற்றினார்கள். அதற்கு ஒரு கோலும் அதிகம் கிடையாது.

அடுத்து நடந்ததுதான் நம் வாதத்துக்கு முக்கியம். 2018-ல் ருசியாவில் நடந்த உலகக் கோப்பையில் ஜெர்மனி முதல் சுற்றிலேயே தன் பிரிவில் கடைசியாகி வெளியேறிற்று. 2022-ல் கத்தாரிலும் முதல் சுற்றோடு சரி. உடனே எழுந்தது கூச்சல்: பையன்களை மிருதுவாக வளர்த்துவிட்டோம், பயிற்சியாளர்கள் மிகவும் நயமாகிவிட்டார்கள், பழைய பிரம்பை எடுக்க வேண்டும் என்று. பயிற்சி முறையில் பிழை இருந்தால் திருத்தட்டும், அது அவர்கள் தொழில், நான் அதில் அபிப்பிராயம் சொல்லத் தகுதியற்றவன். ஆனால் அந்தக் கூச்சலில் ஒரு கபடம் ஒளிந்திருக்கிறது. கோப்பை வருகிறவரை மனிதனை மதிக்கலாம், கோப்பை நின்றால் மதிப்பையும் நிறுத்தலாம் என்பது அதன் பொருள். உபயோகத்தை அஸ்திவாரமாக வைத்துக் கட்டின அன்பு உபயோகத்தோடு இடிந்து விழும். மனிதனை மதிப்பதால் வெற்றி வரலாம், வரும்போது சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம் சொல்வோம். வராதபோதும் மதிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம், ஏனெனில் அவன் வெற்றிக்காக உண்டாக்கப்பட்டவனல்லன். ஓய்வு நாள் மனிதனுக்காக ஏற்பட்டது என்று சேசுநாதர் பரிசேயருக்குச் சொன்னாரே, ஓய்வு நாளே அப்படியானால் பந்தாட்டம் எம்மாத்திரம்?

ஹெர்பெர்கரைப் பற்றி முன்பு கேட்ட கேள்வியைத் தொங்கலில் விட்டுவிட்டோம். அவருடைய இருதயத்தை நான் பார்த்ததில்லை. 1964-ல் அவர் பொறுப்பை விட்டு ஓய்வு பெற்றார். அதற்குப்பின் வால்டர் அவருக்கு ஒரு கோலும் போடப் போவதில்லை, அவரும் வால்டருக்கு அறை ஒதுக்கப் போவதில்லை. ஆனாலும் கிழவருக்கும் வால்டருக்கும் இடையே இருந்த பாசம் கடைசி வரை தகப்பன் மகன் பாசமாகவே இருந்தது. முதுமையில் ஹெர்பெர்கர் சிறைச்சாலைகளுக்குப் போய்க் கைதிகளைச் சந்தித்துப் பேசத் தொடங்கினார். 1977-ல், அவருடைய எண்பதாம் பிறந்த நாளில், அவர் பெயரால் ஓர் அறநிலையம் தொடங்கப்பட்டது. அடுத்த மாதமே அவர் காலமானார். வால்டர் சிறைகளுக்குப் போவதைத் தம் வயோதிகத்திலும் விடவில்லை. அந்த அறநிலையம் இளங்கைதிகள் சிறையில் பந்தாடவும், நடுவராய் நிற்கப் பழகவும், விடுதலையாகும் நாளில் ஒரு வேலை தேடிக்கொள்ளவும் உதவி செய்கிறது. அந்த மதிலுக்குள் நடக்கும் ஆட்டங்களைப் பார்க்க டிக்கெட் வாங்கி யாரும் வருவதில்லை.